நவநீத நிர்ணயம்: உசத்தி வெண்ணெய் உண்மையிலேயே உசத்திதானா?

சாதாரண வெண்ணெயைவிடச் சிறப்பு வெண்ணெய் ருசியானதா என்ற வினாவில் கைவைத்தவர்கள் எல்லாரும் விரலை நக்கிக்கொண்டு திரும்பினார்களே தவிர, முடிவு எதையும் எழுதிவைக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. தோசைமேல் போட்டால் அரை நிமிடத்தில் காணாமல் போகிற பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்பவர்கள், பல்கலைக்கழக நூலகங்களின் ஆய்வேட்டுப் பகுதியை ஒருமுறை சுற்றிவந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

வெண்ணெய் ஐவகைப்படும். (ஏன் ஐந்து என்றால், ஐந்து என்று தொடங்கினால்தான் தமிழாய்வு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.) அவை கடைந்த வெண்ணெய், பொட்டல வெண்ணெய், சீமை வெண்ணெய், சாமி வெண்ணெய், ஏச்சு வெண்ணெய்.

சாமி வெண்ணெய் நாமக்கல் ஆஞ்சநேயருக்குக் காப்பாகச் சாத்தப்படுவது. அவரிடம் கருத்துக் கேட்க வழியில்லை.

ஏச்சு வெண்ணெய் பேருந்தில் அடுத்தவர் காலை மிதித்தால் இலவசமாகக் கிடைக்கும்.

எஞ்சிய மூன்றில் கடைந்த வெண்ணெய்க்கே முதல் மரியாதை. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, தயிரானதும் மத்தால் கடைந்து, திரள்வதை வழித்தெடுப்பது இது. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே ஊத்துக்குளி என்ற ஊர் இதனாலேயே பெயர் பெற்றது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகைகள் இன்று எங்கெங்கோ தொங்குகின்றன. அத்தனை வெண்ணெயையும் அந்த ஒரே ஊர் கடைந்து தள்ளுகிறதா என்று கேட்பது ஆய்வு நாகரிகம் ஆகாது.

தயிரில் நடப்பது சின்ன விஷயமல்ல. பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் சில, பாலிலுள்ள சிட்ரிக் அமிலத்திலிருந்து டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்குகின்றன. 'வெண்ணெய் வாசனை' என்று மூக்கு அடையாளம் காண்பது பெரும்பாலும் இதைத்தான். பிரான்சில் நார்மண்டிப் பகுதியின் இசிக்னி வெண்ணெய்க்கு 1986இல் சட்டப்படி பெயர்க்காப்பு கிடைத்தது. அங்கும் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்துத்தான் கடைகிறார்கள். அவர்கள் பாலாடையை மட்டும் புளிக்கவைக்கிறார்கள், நம் வீடுகளில் முழுப்பாலுக்கே உறை ஊற்றுகிறார்கள். இப்படிப் புளிக்கவைத்துக் கடைந்த வெண்ணெய் பெரிய கடைகளின் குளிர் அலமாரியில் 'கல்ச்சர்டு பட்டர்' என்ற பட்டத்தோடு, பட்டத்துக்கேற்ற விலையில் அமர்ந்திருக்கிறது. பாட்டிமார்கள் அதைப் பட்டமில்லாமலே எடுத்தார்கள் (காண்க: யாரோ ஒருவருடைய பாட்டி, அடுப்பங்கரை உரைகள், வாய்மொழிப் பதிப்பு).

கொழுப்புக் கணக்கிலும் சீமைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். இந்தியச் சட்டப்படி பொட்டல வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும். ஈரம் 16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பிரான்சின் வழக்கமான உப்பில்லா வெண்ணெயில் கொழுப்பு 82. வித்தியாசம் இரண்டு விழுக்காடு. ரொட்டித் துண்டில் தடவும் 5 கிராமுக்கு அது 0.1 கிராம். அந்த 0.1 கிராமைக் கண்டுபிடிக்கும் நாக்கு உள்ளவரை அரசு பொற்கொல்லர் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடுக்கடுக்காக மடித்துச் சுடும் பஃப் வகைகளில் ஈரம் குறைந்த வெண்ணெய் உதவும் என்பது வேறு சங்கதி. அது பேக்கரிக்காரர் கவலை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளை வெண்ணெய்க்கு நம் சட்டம் 76 விழுக்காடு போதும் என்கிறது. கையால் கடைந்ததுதான் 'கெட்டி' என்று நம்புகிறவர்கள் இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

அடுத்து, நிறம். புல்லிலுள்ள பீட்டா கரோட்டினில் ஒரு பங்கைப் பசு அப்படியே பாலில் விட்டுவிடுகிறது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. அதனால் எருமை வெண்ணெய் வெள்ளை, மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சள். பொட்டலத்தின் மஞ்சளுக்கு அனட்டோ என்ற விதையின் சாயமும் கைகொடுக்கும். நிறம் நாக்கை ஏமாற்றும் என்று அமெரிக்கப் பால்பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்; விஸ்கான்சின் மாநிலத்தில் மஞ்சள் நிற மார்கரின் விற்க இருந்த தடை 1967இல்தான் நீங்கியது.

இந்தியாவில் இதற்குப் பெரிய சோதனையே நடந்திருக்கிறது, சோதனை என்று யாரும் அறிவிக்காமல். பம்பாய்க்காரர்கள் போல்சன் வெண்ணெயைத் தின்று பழகியவர்கள். போல்சன் பாலாடையைப் புளிக்கவிட்டு, உப்பைத் தாராளமாகச் சேர்த்தது. அதன்பின் ஆனந்திலிருந்து அமுல் வந்தது. வர்கீஸ் குரியனின் ஆட்கள் புத்தம்புதிய எருமைப் பாலாடையில், நியூசிலாந்து முறைப்படி, உப்பில்லாமல் வெள்ளை வெளேரென்று வெண்ணெய் எடுத்தார்கள். பால்பண்ணை வல்லுநர் எவரும் குறை சொல்ல முடியாத சரக்கு. வாங்கியவர்களோ சப்பென்று இருக்கிறது என்றார்கள். கடைசியில் அமுலும் உப்புப் போட்டது, மஞ்சள் ஏற்றியது. அந்த உப்பும் மஞ்சளும்தான் இரண்டு தலைமுறைக்குப் 'பட்டர்' என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தன. உசத்தி எது என்று நாக்கு தீர்ப்பு எழுதும்போது பேனா பழக்கத்தின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இக்கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை.

இலக்கியச் சான்று இல்லாமல் கட்டுரை செல்லாது என்பதால் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி தீய நிமித்தங்களைக் காண்கிறாள். குடத்துப் பால் உறையவில்லை. உறி வெண்ணெய் உருகவில்லை. கோவலனுக்கு நேர்ந்த கேட்டின் அறிகுறி இது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆய்வாளர் பள்ளிக்கூடப் பிள்ளையா?

முதல் மரபினர் கருத்து: உருகாத வெண்ணெய் என்றால் குளிர்பதனப் பெட்டி. ஆகவே மதுரை இடைச்சேரியில் அன்றே ஃபிரிட்ஜ் இருந்தது. மின்சாரத்துக்கு எங்கே போனார்கள் என்று கேட்டால், உறி மேலிருந்து தொங்குகிறது, மேலிருந்து தொங்குவதெல்லாம் மின்கம்பி என்பார்கள் (காண்க: பெயர் சொல்ல விரும்பாத பேராசிரியர், பணிநிறைவு விழாப் பேருரை, மாலை போட்டபின், கழற்றுமுன்).

இரண்டாம் மரபினர் எருமைவாதிகள். எருமைப் பால்கொழுப்பு பசுவினுடையதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் உருகும் என்பது மெய். இதைப் பிடித்துக்கொண்டு, மாதரி யாருக்கும் தெரியாமல் எருமை வளர்த்தாள் என்று நிறுவிவிட்டார்கள். அந்த எருமைக்கு வயதும் கணித்தாயிற்று (காண்க: மேற்படி பேராசிரியரின் மாணவர் எழுதிய மறுப்பு, அதற்கு அவருடைய மாமனார் அச்சகத்தில் அச்சான மறுப்பு, அம்மறுப்பின் பின்னட்டையில் யாரோ பென்சிலால் போட்ட கேள்விக்குறி, அக்கேள்விக்குறியை அழித்த ரப்பர், தற்போது துறைத்தலைவர் மேசையின் இரண்டாம் இழுப்பறையில், சாவி விடுப்பில்).

மூன்றாம் மரபினர் வரியே இடைச்செருகல் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். விளங்காத வரிகளுக்கு எல்லாம் அவர்களிடம் உள்ள மருந்து இது ஒன்றுதான்.

அன்று பாண்டியன் அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை மாதரியுடையது. கடைகயிறும் மத்தும் கொண்டு மகள் ஐயையை அழைத்துக்கொண்டு வருகிறாள். பொழுது விடிந்துவிட்டது, வெண்ணெய் உருகவில்லை, நெய்க்கு என்ன செய்வது என்ற அவள் தவிப்பு மட்டும் மூன்று மரபினர் கண்ணிலும் படவில்லை.

விலைச் சான்று வேண்டுவோர்க்குப் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. அதில் நெய் விற்கும் ஆய்மகள் விலையாகப் பொன்னைக் கொள்ள மறுத்து எருமையையும் பசுவையும் கேட்கிறாள். சிறப்பு வெண்ணெய்க்கு இன்று கேட்கும் விலை அநியாயம் என்போர், எருமையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியிருந்த காலத்தை நினைக்கட்டும்.

இனிச் சுவைத்தேர்வு. நெறிமுறை எளிது: கண்ணைக் கட்டு, உப்பில்லாத ரொட்டியில் தடவு, எல்லா வெண்ணெயையும் ஒரே சூட்டில் வை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தின்றால் எந்த வெண்ணெயும் மெழுகுதான். வாய்ச்சூட்டில் உருகும்போதுதான் மணம் வெளியே வரும். இந்த நெறிப்படி புளிக்கவைத்ததையும் புளிக்காததையும் பிரித்தறிவது கடினமில்லை. உப்புள்ளதையும் இல்லாததையும் குழந்தையே சொல்லும். புளிப்பிலும் உப்பிலும் ஒத்த இரண்டு வெண்ணெயில் ஒன்று இரண்டு மடங்கு விலை என்றால், அதைக் கண்டுபிடிக்க நாக்கைவிட ரசீது நல்ல கருவி.

சூடான தோசைக்கல்லில் இத்தனை நுட்பமும் அவிந்துபோகும். மணப்பொருள் ஆவியாகி முதலில் தோசை மாஸ்டர் மூக்குக்குப் போகிறது. மேசைக்கு வருவது கொழுப்பும் மிளகாய்ப்பொடியும்தான். அடையின் கதை வேறு. அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்ளும் வீட்டில் உப்புப் போட்ட மஞ்சள் பொட்டலத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது அவமானப்பட்டுத் திரும்பும். அங்கே கடைந்த வெள்ளை வெண்ணெய்தான் ராஜா. அந்த ராஜாவை டீக்கடைக்கு அழைத்துப்போய் பன் பட்டர் ஜாமில் தடவிக் கொடுத்தால், வாடிக்கையாளர் ஒரு கடி கடித்துவிட்டு, "அண்ணே, பட்டர் பழசா?" என்று கேட்பார்.