அடிபட்ட காசை அபூர்வமாக்க ஏழு யோசனைகள்

பெட்டிக்கடையில் மீதிச் சில்லறையாக வந்த பத்து ரூபாய் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறதா? வாழ்த்துகள். அதே மாதிரிக் காசுக்கு ஐந்து லட்சம் தருவதாக யூடியூபில் யாராவது ஒருவர் இந்நேரம் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஐந்து லட்சம் மனக்கணக்கிலாவது உங்களிடமே இருக்க வேண்டுமானால், சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. அவை என்னென்ன என்பது கீழே.

1. காசு எப்படிப் பிறக்கிறது என்று படிக்காதீர்கள்

உலோகத் தகட்டில் வட்ட வில்லை வெட்டுவார்கள். அதன் ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். பிறகு காலர் என்ற வளையத்துக்குள் வில்லையை வைத்து, பூ அச்சுக்கும் தலை அச்சுக்கும் நடுவே ஒரே அடி. காசு ரெடி. அந்த அடி விழும்வரை எங்கே தவறு நடந்தாலும் அது எரர் காயின். அச்சை விட்டு வெளியே வந்தபின் எது நடந்தாலும் அது வெறும் சேதம். பிறவி மச்சத்துக்கும் விழுந்து எழுந்த தழும்புக்கும் உள்ள வித்தியாசம்தான். இது தெரிந்துவிட்டால், எந்தக் கோணலைப் பார்த்தாலும் ‘மின்ட்டுக்குள் இது எப்படி நடந்திருக்கும்?’ என்று கேட்கத் தோன்றும். உங்கள் டப்பாவில் இருக்கும் காசில் முக்கால்வாசிக்கு அந்தக் கேள்வி ஆகாது.

2. நட்சத்திரத்தைக் கண்டதும் துள்ளுங்கள்

ஆண்டுக்குக் கீழே குட்டி நட்சத்திரமா? உடனே குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள். “அது ஹைதராபாத் மின்ட்டின் அடையாளம்டா. வைரக் கட்டம் இருந்தா மும்பை, புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லேன்னா கொல்கத்தா” என்று சித்தப்பா பதில் போட்டால், அவருக்குப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ₹ குறி இல்லாத பத்து ரூபாயையும் விடாதீர்கள். அந்தக் குறி காசில் ஏறியதே 2011இல்தான், அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும் என்று யோசித்தால் காரியம் கெட்டுவிடும். பத்து ரூபாயில் 14 வடிவங்கள் உண்டு, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் சொன்னதும் உங்கள் காதில் விழ வேண்டாம்.

3. தராசை வீட்டுக்குள் விடாதீர்கள்

1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். பத்து ரூபாய் 7.71 கிராம். ‘மெல்லிய வில்லையில் அடித்த அபூர்வம்’ என்று நீங்கள் பொத்திவைத்திருப்பது அமிலத்தில் ஊறி இளைத்த காசாகவும் இருக்கலாம். ஊறிய காசில் எழுத்து, விளிம்பு எல்லாமே ஒரே சீராகக் கரைந்து மழுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியையும் தராசுக்குப் பக்கத்திலேயே பூட்டிவையுங்கள்.

4. தண்டவாளத்தை மறந்துவிடுங்கள்

காலர் வளையம் விலகிய நேரத்தில் அடிபட்ட காசு அகலமாகப் பரவிவிடும். ரயில் சக்கரத்துக்கு அடியில் போன காசும் அப்படித்தான். எடையும் இரண்டிலும் மாறாது, எனவே இங்கே தராசே உங்கள் கட்சி. ஆனால் அசல் பிழையில் நடுவே சிங்கமும் எழுத்தும் கூர்மையாக நிற்கும், ஓரம் மட்டும் விரிந்திருக்கும். சக்கரம் ஏறியதில் இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டதுபோல் வழுவழு. சிங்கம் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காத வரை கவலையில்லை.

5. வெட்டு விழுந்த காசின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்காதீர்கள்

தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கினால், பிறை வடிவில் ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். விளிம்பு எழுப்பும்போது அந்தக் குறை இருக்கும் இடத்தில் அழுத்தம் விழாது, அதனால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் சரியாக எழாமல் மங்கலாக நிற்கும். அரத்தால் ராவிய காசில் எதிர்ப்பக்க விளிம்பு கம்பீரமாக நின்றுகொண்டு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே பார்வை வெட்டிலேயே இருக்கட்டும்.

6. பட்டறைப் பக்கம் போகாதீர்கள்

பத்து ரூபாய்க்கு அலுமினிய வெண்கல வளையம், நடுவில் வெள்ளை நிற வில்லை. நடு இல்லாமலே அடிபட்ட வளையத்தில் உலோகம் ஓட்டைப் பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். அடித்து முடித்தபின் சுத்தியலால் தட்டி நடுவைக் கழற்றியிருந்தால் உட்சுவர் நேராக, கீறலோடு இருக்கும். இன்னொரு வித்தை, இரண்டு காசை முகத்தோடு முகம் வைத்து வைஸில் இறுக்குவது. ஒன்றின் உருவம் மற்றதில் இடவலம் மாறிக் குழியாகப் பதியும். முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் அடுத்த வில்லை அடிபடும்போதும் இதே இடவலம் மாறிய உருவம்தான் வரும். ஆனால் அந்தப் பக்கத்தில் அந்த உருவம் மட்டும்தான் இருக்கும். வைஸ் காசிலோ, நசுங்கிய பழைய எழுத்து அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். அதை நீங்கள் எட்டிப்பார்க்காதீர்கள். கூடவே, காசை உருக்கினாலோ சிதைத்தாலோ 7 ஆண்டுவரை சிறை என்கிறது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், கூலியை ஏற்றிவிடுவார்.

7. விற்பதற்கு முன்பணம் கட்டுங்கள்

ஐந்து லட்சத்துக்கு வாங்குபவர் உங்களிடமே பதிவுக் கட்டணம், கமிஷன், ஜிஎஸ்டி எல்லாம் முதலில் கேட்பார். வாங்குபவர் எதற்குக் காசு கேட்கிறார் என்று குழம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. லட்சாதிபதிகளுக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம்?

இத்தனைக்கும் பிறகு, தப்பித்தவறி நிஜமான எரர் காயினே ஒருநாள் கையில் சிக்கிவிடலாம். வில்லையின் பாதியில் மட்டும் அச்சு விழுந்து, மீதிப் பாதி மொழுக்கென்று இருக்கும், எடையும் சரியாக இருக்கும். பதற்றம் வேண்டாம். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அதை ஓரத்தில் மட்டும் பிடித்து, அப்படியே உறையில் போடுவார். நீங்கள் புளியும் சபீனாவும் போட்டுத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். மின்ட் கொடுத்த மேற்பரப்பு போய்விடும், விலையும் அதோடு போய்விடும். அதன்பின் உங்கள் டப்பாவில் எது அசல், எது அடிபட்டது என்ற சண்டைக்கே இடமிருக்காது.