துரைமாருக்கு நேரம் சரியில்லை

பங்கு வாங்க நல்ல நேரம் எது என்று இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைத்தெருவில் யாராவது கேட்டால், பஞ்சாங்கத்தை மூடிவிட்டு எதிரே நிற்கும் மலையைக் காட்டுவேன். கப்பலேறி வந்து, நேரம் பார்த்துப் பார்த்தே கோவணத்தோடு நின்ற சீமைக்காரத் தோட்டத் துரைமார் கதை அங்கேதான் புதைந்து கிடக்கிறது.

முதலில் கோப்பி. ஏக்கர் 5 சிலிங்குக்கு ஆங்கிலேய அரசு காட்டை விற்றது. விற்றவர்களே வாங்கினார்கள் என்பதுதான் இதில் அழகு. ஆளுநர், நீதிபதி, பட்டாளத்து அதிகாரி, பாதிரியார் என்று ஒருவர் பாக்கியில்லை. அந்தக் காலத்து ஞாயிறு பிரசங்கத்தில் பரலோகம் எவ்வளவு வந்தது, கோப்பிப் பழம் எவ்வளவு வந்தது என்று யார் கண்டது! 1845-இல் பைத்தியம் உச்சிக்கு ஏறியது. 1847-இல் லண்டனில் பணமுடை. போட்ட காசில் இருபதில் ஒரு பங்குக்குத் தோட்டங்கள் கைமாறியதாக அன்றைய காலனிச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார்.

பயந்து விற்றவர்கள் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் செழித்தார்கள். 1870 வாக்கில் ஏற்றுமதி 10 கோடி இறாத்தலைத் தாண்டியது. கதையை இங்கேயே முடித்தால் பங்குத் தரகர் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தருவார்.

ஆனால் 1869-இலேயே மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் இலைத்துரு நோயின் மஞ்சள் பொடி தட்டுப்பட்டிருந்தது. தொட்டால் மஞ்சள் அரைத்த கைபோல விரல் நிறம் மாறும். துரைமார் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு இன்னும் காடு வெட்டினார்கள். விலைதான் ஏறிக்கொண்டிருந்ததே! நோய் வந்த பிறகும் பரப்பு கூடிக்கூடி 1878-இல் சுமார் 2,75,000 ஏக்கரில் போய் நின்றது.

கோப்பியை நம்பி மலையேறத் தொடங்கிய ரயில் 1884-இல் ஹட்டனுக்கு ஊதிக்கொண்டு வந்து சேர்ந்தது. நோயில் செடிகள் பட்டுப்போக, ஏற்றக் கோப்பி அதிகம் இல்லை. அதே வருடம் மே மாதம், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. அதன் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் சொன்னதால் ஊர் தப்பியது. பட்ட கோப்பி மரங்கள் சீமைக்குப் போய்த் தேநீர் மேசைக்குக் கால் ஆயினவாம். குசும்பு பிடித்த மரம்.

நடுவில் சிங்கோனா என்று ஒரு கூத்து. காய்ச்சலுக்குக் கொயினா வேண்டும், அதன் பட்டைக்கு நல்ல விலை. ஒருவர் நட்டார், பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குத் தூக்கம் போயிற்று. 1883-இல் 64,000 ஏக்கர். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்துக் கப்பலில் ஏற்ற, விலை பாதாளத்துக்குப் போனது. மலேரியாக்காரன் பிழைத்தான், துரைக்குக் காய்ச்சல் கண்டது.

இத்தனைக்கும் மண்வெட்டி பிடித்தவர்கள் நம்மவர்கள், தமிழ்த் தொழிலாளர்கள். தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்கும் கங்காணி சொன்னதைக் கேட்டு வந்தவர்கள். கோப்பியை நட்டார்கள், பிடுங்கினார்கள், சிங்கோனாவை நட்டார்கள், பிடுங்கினார்கள், தேயிலையை நட்டார்கள். எந்தப் பயிர் விழுந்தாலும் விழாமல் நின்றது கங்காணியிடம் வாங்கிய கடன் ஒன்றுதான்.

நேரத்தைச் சரியாகப் பிடித்தவர் என்று ஜேம்ஸ் டெய்லரைச் சொல்வார்கள். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல், மஞ்சள் பொடிக்கு இரண்டு வருடம் முன்பே, 19 ஏக்கர் தேயிலை போட்டவர். மனுஷன் சந்தையைப் பார்த்தாரா என்றால், தோட்டத்தைவிட்டு வெளியே போவதே அபூர்வம். இலையை வராந்தாவில் கையால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலையில் காசு பார்த்தவர் தாமஸ் லிப்டன். 1890-இல், எல்லாம் பழுத்த பிறகு வந்து, கோப்பியில் நொடித்தவர்களின் தோட்டங்களை மலிவாக வாங்கிப் போட்டார். 1896-இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கியபோது தேயிலைக் கம்பெனிப் பங்குகள்தான் சரக்கு.

டெய்லர் அதைப் பார்க்கவில்லை. 1892-இல் தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். போகமாட்டேன் என்றவர் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர்ந்தார். ஆள் பெருத்த சரீரம். 24 தொழிலாளர் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி உடலைக் கண்டிக்குச் சுமந்து போனார்கள் என்கிறது கதை. அன்றைக்கு அவர்களுக்கு முழுநாள் கூலிக்கு முழுப் பேர் விழுந்ததா, அரைநாளுக்கு அரைப் பேரா என்று எந்தச் செக்ரோல் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது?