பாக்டீரியாவுக்குக் கடிகாரம்: வீட்டிலேயே செய்யலாம்

வாழ்த்துகள்! இப்போதுதான் தாய்ச்செல்லிலிருந்து பிரிந்து வந்திருக்கும் சினெகோகாக்கஸ் எலாங்கேட்டஸ் நீங்கள். பச்சையாக இருக்கிறீர்கள், வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள். நல்ல வெளிச்சம் வாய்த்தால் ஒரு நாள் முடிவதற்குள் நீங்களும் இரண்டாகிவிடுவீர்கள். முழு நாளைப் பார்க்காத ஜென்மத்துக்கு 24 மணி நேரக் கடிகாரம் எதற்கு என்று விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் கேட்டார்கள். காதில் வாங்காதீர்கள்.

தேவையான சாமான்: கை-ஏ, கை-பி, கை-சி என்று மூன்று புரதங்கள், ஏடிபி, கொஞ்சம் மெக்னீசியம். நீங்கள்கூடக் கட்டாயமில்லை. சொல்ல எங்களுக்கே சங்கடம்தான். 2005-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாவோ கோண்டோவின் குழு இவற்றைச் சோதனைக்குழாயில் கலந்து வைத்தது. செல் இல்லை, மரபணு இல்லை, கடிகாரம் ஓடியது.

கை-சியை ஆறு ஆறாக வளையம் கோத்துக்கொள்ளுங்கள். பகலில் கை-ஏ வந்து அதன் வாலைப் பிடிக்கும். உடனே கை-சி தன் மேலேயே பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்ளும். முதலில் 432-ஆம் இடத்துத் திரியோனினில், பிறகு 431-ஆம் இடத்துச் செரினில். பொழுது சாயும்போது கை-பி தன் மடிப்பையே மாற்றிக்கொண்டு வந்து கை-சி மேல் உட்காரும், கை-ஏவையும் சேர்த்து அமுக்கிவிடும். தூண்ட ஆளில்லாததால் பாஸ்பேட் கழலும்: திரியோனினில் முதலில், செரினில் கடைசியில். எல்லாம் கழன்றதும் கை-பி இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து.

அவசரம் கூடாது. ஒரு கை-சி மூலக்கூறு நாளொன்றுக்குச் செலவழிக்கும் ஏடிபி ஏறத்தாழ 15. நொதிகளின் உலகில் இது அரசு அலுவலகக் கோப்பு நகரும் வேகம். இந்த மந்தம் இல்லாவிட்டால் 24 மணி நேரம் தேறாது. தண்ணீர் சூடேறினாலும் வேகம் அவ்வளவாகக் கூடாது. அதை உங்கள் திறமை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிரியும்போது புரதங்களை மகள்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுங்கள். நேரமும் கூடவே போய்விடும், புதிதாகத் திருப்பி வைக்க வேண்டியதில்லை.

கடிகாரம் 30 மணி நேரம் காட்டுகிறதா? அமெரிக்காவில் கார்ல் ஜான்சன் குழு 1998-இல் நடத்திய போட்டியில், 15 மணி நேர வெளிச்சம், 15 மணி நேர இருட்டு என்று வைத்தபோது அப்படிப்பட்ட திரிபுதான் ஜெயித்தது. நாளை 22 மணி நேரமாகச் சுருக்கியதும் அதுவே ஓரங்கட்டப்பட்டது. ஆகவே குளத்தைப் பார்த்துக் குடியேறுங்கள்.

அடியோடு பழுதாகிவிட்டால், விளக்கை அணைக்கவே அணைக்காத ஆய்வகமாகத் தேடிப் போய்விடுங்கள். அங்கே கடிகாரம் இல்லாதவர்களும் நன்றாகவே பிழைக்கிறார்கள்.