சிங்கப்பூரில் நான் கழித்த விடுமுறை: தாளாளருக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: உயர்திரு தாளாளர் அவர்கள், நம் பள்ளி, சானமாவு காட்டோரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: ஈடுசெய் விடுப்பு மறுக்கப்பட்டது – மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கோடை விடுமுறையில் மாணவர்களோடு சிங்கப்பூர் போய்வந்த நாட்களுக்கு ஈடுசெய் விடுப்பு கேட்டிருந்தேன். ‘நிர்வாகத்தின் செலவில் தாங்கள் வெளிநாட்டில் விடுமுறையைக் கழித்துள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதைப் படித்த பிறகுதான் நான் விடுமுறையில் இருந்த விஷயம் எனக்கே தெரிந்தது. அங்கேயே சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

முதலில் அந்த ‘நிர்வாகத்தின் செலவு’. பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்தால் பெரியவர் ஒருவருக்கு டிக்கெட் இலவசம் என்பது டிராவல்ஸ்காரர் தந்த சலுகை. பிள்ளைகள் முப்பது, இலவச டிக்கெட் இரண்டு. அவற்றில் தாங்களும் தங்கள் துணைவியாரும் வந்தீர்கள். முறைதானே! லேடி டீச்சர் கூட வராவிட்டால் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் கேட்டில் நின்றதால் என் பெயர் சேர்ந்தது. என் டிக்கெட் ‘இதர செலவு’ என்ற பெயரில் முப்பது குடும்பங்களின் தலையில் விழுந்தது. ஆகவே, நன்றி சொல்ல வேண்டிய இடம் எது என்பதில் எனக்குச் சிறு குழப்பம்.

இனி என் விடுமுறை. ஓசூரிலேயே விமானம் ஏறியிருக்கலாம். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்திலேயே அறிவித்துவிட்டார். பெங்களூரு விமான நிலையத்துக்குப் போட்டியாக 150 கிலோமீட்டருக்குள் இன்னொரு பன்னாட்டு விமான நிலையம் 2033 வரை கூடாது என்ற ஒப்பந்தம்தான் குறுக்கே நிற்கிறது. அதுவரை நமக்கு அத்திப்பள்ளி, சில்க் போர்டு வழியாகத் தேவனஹள்ளிதான். முதல் வாந்தி சில்க் போர்டில், என் புடவையில். தாங்கள் முன்னால் காரில் போய்விட்டதால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

முப்பது பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில். குளிக்கும்போது மட்டும் கழற்றினேன், அதுவும் குளியலறைக்கு உள்ளேயே. இரவில் ஓட்டல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நடுநிசியில் ஒருவனுக்கு ஏ.சி. ரிமோட் வேலை செய்யவில்லை. இன்னொருத்திக்கு அம்மா ஞாபகம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வரிசையில் நிற்கும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் துப்பட்டாவை இழுத்து, காதுக்குள், “மிஸ், எனக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றாள். முதல் தடவை. அவளைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். என் துப்பட்டாவை அவள் இடுப்பில் கட்டிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, முகம் கழுவ வைத்துக் கூட்டிவந்தபோது, தாங்கள் குரூப் போட்டோ எடுத்து முடித்திருந்தீர்கள். இப்போது பள்ளி வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸில் எண்ணிப் பாருங்கள், இருபத்தொன்பது பிள்ளைகள்தான் இருக்கும்.

தலை எண்ணுவதை நான் பி.எட்.டில் கற்கவில்லை. நம்மூர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவுக்கு வரும் யானைக் கூட்டத்தை, டார்ச்சும் பட்டாசுமாக நெடுஞ்சாலை தாண்டவைப்பது அவருக்கு வேலை. “முன்னால போறத எண்ணாதீங்க டீச்சர். கடைசில வர்றதப் பாருங்க, குட்டி அங்கதான் நிக்கும்” என்றார். அவரும் மாநில எல்லை தாண்டிவரும் ஒரு குழுவுக்குத் துணையாகப் போகிறவர்தான். அவர் விடுமுறையைக் கழிக்கிறார் என்று வனத்துறை இதுவரை கடிதம் எழுதவில்லை.

யானை என்றதும் நைட் சஃபாரி நினைவுக்கு வருகிறது. உலகத்தின் முதல் இரவு விலங்குக்காட்சிசாலை, 1994-இல் திறந்தது, கட்டணமும் அதற்கேற்றபடி. டிராம் மெல்ல நகர்கிறது. சத்தம் போடக் கூடாது, ஃப்ளாஷ் கூடாது. மங்கின வெளிச்சத்தில் ஓர் ஆசிய யானை வந்து நின்றது. பின்வரிசையிலிருந்து நம் ஆறாம் வகுப்புப் பையன், “ஏனுகு ஒச்சிந்திரா!” என்று தெலுங்கில் ஒரு குரல் கொடுத்தான். ராகிக் காட்டுப் பரண் பழக்கம். உடனே பாதிப் பிள்ளைகள் கைதட்டி, விசிலடித்து, “ஹோ! ஹோ!” என்று விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வழிகாட்டிப் பெண் வெலவெலத்துப் போனாள். யானை மட்டும் தழையை மென்றபடி நின்றது. இவ்வளவு பணம் கட்டி இதைப் பார்க்கவா வந்தோம் என்று அந்தப் பையன் கேட்ட கேள்வியைத் தங்களிடம் அப்படியே ஒப்படைக்கிறேன்.

இன்னொன்று, நம் வளாகத்தில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். சிங்கப்பூர் ரயிலில் மேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தமிழிலும் அறிவிக்கிறார்கள். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வசூல் நோட்டை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மன்னிக்கவும்.

அரசாங்கத்திடம் இப்படிப்பட்ட சுற்றுலாவை எதிர்பார்க்க முடியாது. 2022 நவம்பரில் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பைசா வாங்காமல் சார்ஜாவுக்குக் கூட்டிப்போனார்கள், அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் கூடவே போனார். நம்முடைய தேர்வுமுறை எளிது: முதல் தவணை கட்டியவர் தேர்வு பெற்றார். 2024 அக்டோபரில் இன்னும் மோசம். கனவு ஆசிரியர் விருது வாங்கினவர்களைப் பிரான்ஸுக்கே அனுப்பினார்கள். மாணவர்களே இல்லாமல், ஆசிரியர்களை மட்டும்! எண்ணுவதற்குத் தலையே இல்லாத அந்தப் பயணத்துக்கு நம் அலுவலகம் என்ன பெயர் வைக்கும் என்று அறிய ஆவல்.

அடுத்த கோடைக்கு ஐரோப்பா என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நாற்பத்தைந்து பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது இலவச டிக்கெட்டும் உண்டு. அதில் தங்கள் மைத்துனர் பெயரை எழுதியிருப்பதாகக் கேள்வி. நல்ல முடிவு. பாஸ்போர்ட் பையையும் அவரிடமே ஒப்படைக்கிறேன். அந்த நாட்களில் நான் சானமாவில் பணி செய்யத் தயார்: விடைத்தாள் திருத்துவேன், புதுச் சேர்க்கைக்கு வீடுவீடாகப் போவேன், பள்ளிப் பேருந்துக்கு டீசல் போடக்கூடச் செல்வேன். விடுமுறை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வகுப்பாசிரியை, 8 ‘ஆ’

இணைப்பு: மருந்துக் கடை ரசீது (வாந்தி மாத்திரை, நாப்கின், பிளாஸ்திரி). தொகை சிங்கப்பூர் டாலரில் உள்ளது. ரூபாயில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.