மாமியார் போட்ட மேடை

கேள்வி: பொழுதுபோக்காக வீட்டில் கேக் அலங்கரிக்கிறேன். இதுவரை ஒரு வார்த்தை பாராட்டாத மாமியார், போன வாரம் கேக் வைத்துச் சுற்றும் டர்ன்டேபிள் வாங்கி வந்து, "இதை விட்டுடாதம்மா" என்றார். நம்பி இறங்கலாமா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாமியாரே மேடை போட்டுக் கொடுத்த பிறகு அரங்கேற்றத்துக்கு என்ன தயக்கம்? உங்கள் ஊர் இந்தக் கலையைக் கொண்டாடும் ஊராயிற்றே! பாடகர் எஸ்.பி.பி. மறைந்த 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரி ஜூக்கா சாக்லேட் கடையில் 339 கிலோ சாக்லேட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சமையல் கலைஞர் ஒருவர் 160 மணி நேரத்துக்கு மேல் உழைத்துச் செய்தது.

உங்களுக்கு வில்லன்கள் கடற்காற்றும் வெயிலும்தான். மே மாதத்தில் பட்டர்கிரீம் ரோஜா பூக்கும்போதே வாடும். ஃபாண்டன்ட் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும். விடியற்காலையில் பைப்பிங் செய்யுங்கள். பைப்பிங் பையில் கிரீமைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கைச்சூட்டிலேயே இளகிவிடும்.

அப்படியே புதுச்சேரியின் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கமும் பழகுங்கள். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழங்கள் என மணக்கும் அதன் மேல் ராயல் ஐசிங்கில் ஒரு சிக்குக் கோலம் இழுத்துப் பாருங்கள்! வெயிலுக்கும் அசையாது, மார்கழிக்கும் பொருத்தம்.

விற்பதானால் முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யில் பதிவு. விலையில் உங்கள் உழைப்பையும் சேருங்கள்; முட்டைக்கும் மாவுக்கும் மட்டும் கணக்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய.