குளக்கோட்டன் முதல் சிமேக் வரை

குளக்கோட்டன் என்ற ராசா திருகோணமலைக் கோணேசர் கோயிலைக் கட்டினான், அதற்காகக் கந்தளாய்க் குளத்தையும் கட்டினான், யார் யாருக்கு என்ன தொழும்பு என்று விதியும் வகுத்தான். கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் அப்படித்தான் சொல்கிறது. ராசாவுக்கு வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தண்ணி தம்பலகாமத்து வயலுக்கு இறங்குகிற நேரம் வரம்பில் நின்று கேளுங்கள்: மேல்வயல்காரருக்கு ஒரு நியாயம், கடைவயல்காரருக்கு இன்னொரு நியாயம். குளம் கட்டுவது சுலபம் ஐயா, யாருக்காகக் கட்டினோம் என்பதில்தான் வம்பு.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதே வம்பு அரை நூற்றாண்டாக ஓடுகிறது. எழுதிய கோடை (code) ஓடுகிற புரோகிராமாக்க எந்த ஃபைல் முன்னே, எது பின்னே, எந்த லைப்ரரி எங்கே என்று பார்த்துச் செய்கிற சாமானுக்குப் பெயர் பில்ட் சிஸ்டம். லினக்ஸ், விண்டோஸ், மேகின்டாஷ் மூன்றிலும் ஒன்றே வேலை செய்யவேண்டும் என்பது ஓபன் சோர்ஸ்காரர்களின் ஆசை. ஆசைப்படக் காசா கேட்கிறார்கள்?

1976, பெல் லேப்ஸ். ஸ்டீவ் ஜான்சன் சாதாரண ஆள் இல்லை, கம்பைலர் எழுத உதவும் 'யாக்' கருவியை எழுதியவர். ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையோடு மல்லுக்கட்டினார். பிழையோ ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது! திருத்திய ஃபைலைத் திரும்பக் கம்பைல் செய்யத்தான் இல்லை. திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் போனார். ஃபெல்ட்மனும் முதல்நாள் மாலை அதே கூத்தை ஆடியிருந்தார். அந்த வார இறுதியில் பிறந்தது 'மேக்'. மறதிக்கும் மகிமை உண்டு, மறப்பவர் பெல் லேப்ஸில் இருந்தால்.

மேக்கில் ஒரு விதி. கட்டளை வரி டேப்பில் தொடங்கவேண்டும். எட்டு ஸ்பேஸ் போட்டால் கண்ணுக்கு அதேதான், மேக் மட்டும் முறைக்கும். இது தவறு என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைச் சிரமப்படுத்த மனசு வரவில்லை. பன்னிரண்டு பேரின் மனசு பிழைத்தது. பிறகு வந்த லட்சக்கணக்கானவர்கள் ஸ்பேஸ் எது, டேப் எது என்று இன்றும் தடவுகிறார்கள். 2003இல் மேக்குக்குக் கம்ப்யூட்டர் துறைச் சங்கமான ஏசிஎம்மின் விருதும் கொடுத்தார்கள்.

1991இல் வந்தார் டேவிட் மெக்கென்சி. யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் வித்தியாசமா? சரி, கோடை இறக்குபவரிடம் ஷெல் என்ற யூனிக்ஸ் கட்டளைக் கருவியும் மேக்கும் இருந்தால் போதும், மிச்சத்தை அவருடைய 'ஆட்டோகான்ஃப்' பார்த்துக்கொள்ளும். என்ன தாராள மனசு! பில்ட் தொடங்குமுன் அது கேட்கிற கேள்விகள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்: அந்த ஹெடர் இருக்கிறதா, இந்த ஃபங்ஷன் இருக்கிறதா, இருப்பது நிஜமாகவே இருக்கிறதா? விண்டோஸ்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: ஷெல் என்றால் என்ன?

சன் கம்பெனியின் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சனுக்கு டேப் என்றாலே கொதிப்பு. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரை எங்கேயும் ஒரே மாதிரி பில்ட் செய்ய ஜாவாவில் 'ஆன்ட்' எழுதினார், எல்லாம் எக்ஸ்எம்எல். பிற்காலத்தில் அவரே யோசித்து, ஒரு ஸ்கிரிப்டிங் மொழியையே எடுத்திருக்கலாம் என்றார். டேப்புக்குப் பயந்து ஓடிய மனுஷன் கோண அடைப்புக்குறிக் காட்டுக்குள் போய் விழுந்தார்.

லினக்ஸ் டெஸ்க்டாப் செய்கிற கேடிஇ குழுவின் கதை இன்னும் விசேஷம். ஆட்டோகான்ஃப் குடும்பத்தைக் கைகழுவுவோம் என்று 2005இல் முடிவு. முதலில் எஸ்கான்ஸ் என்ற பில்ட் சிஸ்டத்தைக் கட்டிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை, 2006இல் சிமேக்குக்குத் தாவினார்கள். எஸ்கான்ஸோடு பாடுபட்ட தாமஸ் நாகி சும்மா இருப்பாரா? 'வாஃப்' என்று தனியாக ஒன்றை எழுதினார். ஒரு பில்ட் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள், கலையும்போது உலகத்தில் ஒன்று கூடியிருந்தது.

வென்ற சிமேக் கிட்வேர் கம்பெனிப் பிள்ளை, மருத்துவப் படங்களை அலசும் ஐடிகே மென்பொருளுக்காகப் பிறந்தது. அது நேரடியாக எதையும் கம்பைல் செய்யாது. விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ புராஜெக்ட் எழுதிக் கொடுக்கும். லினக்ஸில், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், மேக்ஃபைல் எழுதிக் கொடுக்கும். ஆம், டேப்போடு!

2013இல் ஃபின்லாந்துக்காரர் யுஸ்ஸி பக்கனென் 'மெசான்' கொண்டுவந்தார். அதில் நீங்கள் சொந்தமாக ஒரு ஃபங்ஷன்கூட எழுதமுடியாது, வேண்டுமென்றே அடைத்த வாசல். புரோகிராமர்களை அவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்தவர் வேறு யாருமில்லை, ஏனென்றால் அவரும் ஒரு புரோகிராமர்.

'எல்லாருக்கும்' என்ற இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஃபெல்ட்மன் கோடு எழுதுபவரை நினைத்தார், மெக்கென்சி இறக்குபவரை நினைத்தார், சிமேக் விஷுவல் ஸ்டூடியோக்காரரையும் சேர்த்து நினைத்தது. டெபியன் லினக்ஸில் பொதி கட்டுபவரோ, பில்ட் நடக்கும்போது இன்டர்நெட்டையே தொடக்கூடாது என்கிறார். ஆளுக்கொரு 'எல்லாரும்'. அந்த 'எல்லாரும்' என்பதற்குள் அடுத்த ஆள் இல்லை.

இலங்கைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. நம் நாட்டுப் புரோகிராமர்கள் முன்னின்று எழுதிய அப்பாச்சி ஆக்சிஸ்2/சி என்ற வெப் சர்வீஸ் மென்பொருள், லினக்ஸுக்கு ஆட்டோகான்ஃப் வழிக் கன்ஃபிகரும் மேக்கும், விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் என்மேக்கும் என்று இரண்டு வழியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியது. அழகில்லை, இரட்டை வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் வந்த நாளில்கூட அவர்கள் புதிதாக ஒரு பில்ட் சிஸ்டம் எழுதவில்லை. உலகம் நமக்கு நன்றி சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.