வெயில் அடித்தால் எங்கே போவது?

இங்கிலாந்தின் எந்தக் கவுண்டிக்கான சுற்றுலாக் கையேட்டை எடுத்தாலும் மலை, ஏரி, கடற்கரை எல்லாம் வண்ணப்படங்களோடு முன்பக்கங்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில், விடுதி வாடகைக்கும் பேருந்து நேரத்துக்கும் நடுவே, ‘மழை பெய்தால் எங்கே போகலாம்’ என்று ஒன்றரைப் பக்கம் இருக்கும். கடைசிப் பந்திக்கு வந்தவர்களுக்கு மிஞ்சிய ரசத்தை ஊற்றுகிற தொனியில் எழுதிய பக்கம் அது: மியூசியம் ஒன்று, பழைய வீடு ஒன்று, சுரங்கம் ஒன்று, குழந்தைகள் அழுதால் முயல் பொம்மை. மற்றக் கவுண்டிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்துமோ என்னவோ, வடமேற்கு மூலையில் ஸ்காட்லாந்தை ஒட்டிக் கிடக்கும் கம்பிரியாவுக்குப் பொருந்தாது. அங்கே கையேட்டையே பின்னாலிருந்து முன்னால் அச்சிட வேண்டும். கூரையுள்ள இடங்களெல்லாம் முன்பக்கத்துக்கு வரட்டும். ‘தப்பித்தவறி வெயில் அடித்தால் எங்கே போகலாம்’ என்ற தலைப்பில் மலைகளும் ஏரிகளும் கடைசி ஒன்றரைப் பக்கத்துக்குப் போகட்டும். விளையாட்டுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் சான்றுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நனைந்தவை, அவ்வளவுதான்.

முதல் சாட்சி மழைமானி. போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்றொரு குக்கிராமம். இங்கிலாந்தில் மனிதர்கள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது அதுதான் என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். மழைக்குப் பேர்போன ஊர் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கும் லண்டனுக்குக் கிடைப்பது 600 சொச்சம். அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைகளில் வந்து முட்டுகிறது. மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டிவிடுகிறது. ஆக, கையேட்டின் அட்டையில் சிரிக்கும் அதே மலைதான் இந்த வழக்கில் முதல் குற்றவாளி. 2009 நவம்பரில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டர் பெய்து சீத்வெயிட் பிரிட்டனின் சாதனையைக் கைப்பற்றியது. 2015 டிசம்பர் 5ஆம் தேதி, டெஸ்மண்ட் புயலின்போது அதைப் பறித்துக்கொண்டது ஹானிஸ்டர் கணவாய், 341.4 மில்லிமீட்டர். ஹானிஸ்டர் எங்கே இருக்கிறது? பக்கத்து மலை இடுக்கில். பட்டம் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ‘மழை பெய்தால்’ என்று ஐயத்தோடு தொடங்கும் கையேட்டை எழுதியவர், ஊரைப் பார்க்காமல் அச்சகத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்க வேண்டும்.

இந்த உண்மையை முதலில் மோப்பம் பிடித்தவர் பீட்டர் கிராஸ்த்வெயிட். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1780 வாக்கில் கெஸ்விக் நகரில் ஒரு மியூசியம் திறந்தார். ஏரிகளைப் பார்க்கக் கனவான்கள் கோச் வண்டிகளில் வரத் தொடங்கிய காலம் அது. வண்டிச் சத்தம் கேட்டால் முரசும் சீனத்துச் சேகண்டியும் அடித்துக் கூட்டம் சேர்த்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஏரிகளுக்கு வரைபடம் போட்டு விற்றவரும் அவரே. வெளியே போவதற்கான வழியையும் விற்றார், திரும்பி ஓடிவந்து ஒதுங்குவதற்கான இடத்தையும் விற்றார். சுற்றுலாத் தொழிலில் இதைவிட முழுமையான திட்டம் பிறகு வந்ததாகத் தெரியவில்லை. தட்டினால் சுரம் எழுப்பும் கற்களை மலையில் பொறுக்கிவந்து அவர் சேர்த்துவைத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜோசப் ரிச்சர்ட்சன் என்ற கல்தச்சர் ஸ்கிடா மலைக் கற்களைப் பல ஆண்டுகள் தேடித்தேடி ஒரு பெரிய வாத்தியமே கட்டி, விக்டோரியா அரசி முன் வாசித்தார். அந்தக் கல்வாத்தியம் இன்றும் கெஸ்விக் மியூசியத்தில் இருக்கிறது. மலைமேல் ஏறி அந்தக் கல்லை மிதித்தால் வழுக்கும். உள்ளே வந்து தட்டினால் பாடும். இரண்டில் எது உயர்ந்த அனுபவம் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

கெஸ்விக்கின் பென்சில் மியூசியத்தைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பென்சிலுக்கு ஒரு மியூசியமா என்ற அந்தச் சிரிப்பைத்தான் நான் என் கட்சிக்குச் சாதகமாகப் பயன்படுத்தப் போகிறேன். மழையில் முதலிடம் வாங்கிய அதே சீத்வெயிட்டின் மலைச்சரிவில்தான், 16ஆம் நூற்றாண்டில், கெட்டிக் கட்டியாகவே அறுத்து எடுக்கக்கூடிய சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. புயலில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தது, குழியில் கறுப்பாக ஏதோ பளபளத்தது, இடையர்கள் அதை எடுத்து ஆடுகளுக்கு அடையாளம் போட்டார்கள் என்பது ஊர்க்கதை. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறம் பூசுவதற்கு அது உதவும் என்று தெரிந்ததும் ஆட்டுக்கு மை போட்ட சரக்கு அரசாங்கச் சொத்தின் மதிப்புக்கு உயர்ந்துவிட்டது. அதைத் திருடுவதைக் கடுங்குற்றமாக்கி 1752இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. பிடிபட்டால் கடுங்காவல், அல்லது நாடுகடத்தல். பென்சிலின் கருப்பொருளுக்காக ஒருவனைக் கப்பலேற்றிய வரலாறு வேறு எந்த ஊருக்கு உண்டு? 1832இல் கெஸ்விக்கில் பென்சில் ஆலை வந்தது. இரண்டாம் உலகப்போரில், விமானப்படையினருக்காக, சுருட்டிய வரைபடத்தையும் குட்டித் திசைகாட்டியையும் உள்ளே ஒளித்த பென்சில்கள் அங்கே ரகசியமாகத் தயாராயின. மேலே பச்சைச் சாயம், உள்ளே தப்பிக்கும் வழி. இவ்வளவு வரலாற்றையும் 1981 முதல் ஒரு கூரைக்கடியில் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நீள வண்ணப்பென்சிலும் உண்டு, அதைச் சீவும் கருவியைத்தான் காணோம். மலையுச்சியில் நின்று சீத்வெயிட் சரிவைப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிவது மேகம்.

‘ஆனால் இந்த ஊரின் பெரியவர்களெல்லாம் வெளியே திரிந்தவர்கள் ஆயிற்றே’ என்பார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை இழுக்காமல் விடமாட்டார்கள். அவர் நடந்த தூரம் 1,75,000 மைலுக்குக் குறையாது என்று எழுத்தாளர் டி குவின்ஸி கணக்குப் போட்டிருக்கிறார். நடந்துகொண்டே கவிதை கட்டும் பழக்கமும் அவருக்கு இருந்தது. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கவிதையால் உலகமே அறிந்த அந்த டாஃபடில் பூக்களை அவரும் தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பார்த்தது 1802 ஏப்ரல் 15ஆம் தேதி, பலத்த காற்றடித்த ஒரு நாளில். அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் தங்கை. அண்ணன் கவிதை எழுதியது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. அதிலும் இரண்டு அடிகள் மனைவி மேரி கொடுத்தவை. பூ பார்க்கப் போனது ஒரு நடை, மிச்சமெல்லாம் வீட்டுக்குள் நடந்த கூட்டு முயற்சி. கிராஸ்மியரில் அவர்கள் வாழ்ந்த டவ் காட்டேஜ் இன்று மழைநாள் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன அறையில் குளிர் தாங்காமல் டோரதி சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டினார். இயற்கையை வழிபட்ட குடும்பம் இயற்கையை வீட்டுக்குள் விடாமல் தடுக்க என்ன பாடுபட்டது என்பதை அந்தச் சுவரைப் போல எந்த ஏரியும் சொல்லாது.

அடுத்து வெய்ன்ரைட்டை இழுப்பார்கள். 214 மலைகளை ஏறி இறங்கி, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்களாக வெளியிட்ட ஆல்ஃபிரட் வெய்ன்ரைட், மலையேறிகளுக்குக் குலதெய்வம். அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை கெண்டல் நகராட்சியில் பொருளாளர். ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்தும் படமுமாகக் கையாலேயே அவர் உருவாக்கியது மலைமேல் அல்ல. மாலை நேரங்களில் வீட்டில் உட்கார்ந்து, தான் எடுத்துவந்த புகைப்படங்களைப் பார்த்து. அது போதாதென்று கெண்டல் மியூசியத்தை ஊதியம் இல்லாமல் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். எதிர்க்கட்சியின் குலதெய்வம் என் கட்சியின் கௌரவப் பொறுப்பாளராக இருந்திருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? டால்டனை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஈகிள்ஸ்ஃபீல்டு என்ற கம்பிரியக் கிராமத்தில் 1766இல் பிறந்த ஜான் டால்டன், கெண்டலில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1787இல் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கி, பின்னர் மான்செஸ்டருக்குக் குடிபோன பிறகும் விடாமல், 1844இல் இறப்பதற்கு முந்திய நாள்வரை எழுதினார். கடைசிக் குறிப்பும் மழையைப் பற்றியதே. காற்றில் ஈரம் எப்படித் தங்குகிறது என்று யோசிக்கப் போய்த்தான் வாயுக்களின் கலவைக்கு வந்தார், அங்கிருந்து அணுக்கொள்கைக்கு. வானம் வெளுத்த ஊரில் பிறந்திருந்தால் மனிதர் வெறுமனே நடைப்பயிற்சி போயிருப்பார். வேதியியல் ஐம்பது வருடம் பின்தங்கியிருக்கும்.

ஹானிஸ்டர் பாறைச்சுரங்கத்தையும் மழைநாள் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே வெட்டுவது வீட்டுக் கூரைக்கான பச்சைநிறக் கற்பலகை. நாட்டின் மழைச் சாதனை பதிவான கணவாயில், மழைக்குப் பயந்து, கூரைகள் பிறக்கும் இடத்துக்குள்ளேயே போய் நிற்பது என்பது தர்க்கத்தின் உச்சம். உள்ளேயும் கொஞ்சம் சொட்டும், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. வின்டர்மியர் ஏரிக்குத் தெற்கே பேக்பேரோவில் இருக்கும் மோட்டார் மியூசியம், ஒருகாலத்தில் சலவை நீலம் செய்த ஆலை வளாகத்தில் இருக்கிறது. துணி காயவே காயாத நாட்டில் துணியை வெளுப்பாகக் காட்டும் தொழில் நடந்திருக்கிறது என்பது யோசிக்கத் தக்கது. அல்வர்ஸ்டனில் லாரல்-ஹார்டி மியூசியம். ஒல்லியான ஸ்டான் லாரல் 1890 ஜூன் 16 அன்று பிறந்த ஊர் அது. பில் க்யூபின் என்ற ரசிகர் தாம் சேர்த்த படங்களையும் பொருள்களையும் வைத்து 1983இல் தொடங்கினார். இப்போது ராக்ஸி என்ற பழைய சினிமாக் கொட்டகையில் இருக்கிறது. வழுக்கி விழும் காட்சிகளை உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம், வெளியே போய் நாமே நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

நியாயமான ஆட்சேபங்களும் உண்டு. மலைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, மியூசியத்துக்கு உண்டு; நான்கு பேர் குடும்பத்துக்குப் பணப்பை இளைக்கும். உண்மைதான். ஆனால் மலையடிவாரத்தில் காரை நிறுத்தப் பெரும்பாலும் காசு கேட்கிறார்கள் என்பதையும், நனைந்த குடும்பம் முதலில் நுழையும் கடையில் நான்கு மழைக்கோட்டு வாங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடுகிறார்களே என்பது அடுத்தது. இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. பீட்டர் முயல் கதையை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீடு மிகச் சிறியது. நேரம் குறித்த சீட்டுக் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆகவே மழைக்கு ஒதுங்க வந்தவர், தம் முறை வரும்வரை மழையிலேயே காத்திருக்க நேரும். இன்னும் வலுவான அடி ஒன்று: டெஸ்மண்ட் புயலில் பென்சில் மியூசியமே வெள்ளத்தில் மூழ்கி, 2017இல்தான் மறுபடி திறந்தது. ஒதுங்கும் இடமே முழுகினால் உங்கள் வாதம் என்னாயிற்று என்று கேட்கலாம். மழை தேடிப்போய்ப் பார்க்கிற அளவுக்கு அது முக்கியமான இடம் என்பதே என் பதில்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. மலையும் ஏரியும் இல்லாவிட்டால் பென்சிலைப் பார்க்க யார் வருவார்கள், யுனெஸ்கோ 2017இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ‘ஏரி மாவட்டம்’ எனப்படும் இந்த மலைப்பகுதியின் நிலத்தைத்தானே? ஆமாம். ஆனால் அந்த நிலம் இன்றும் அப்படியே இருப்பது எப்படி? 1895இல், நிலத்தையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டை நிறுவிய மூவரில் ஒருவர் கெஸ்விக் பக்கத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி. அவருடைய நண்பர்தான் பியாட்ரிக்ஸ் பாட்டர். நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு 1893இல் பாட்டர் எழுதிய படக்கடிதத்தில் பிறந்தது பீட்டர் முயல். 1902இல் புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. புத்தக வருமானம் கைகொடுக்க 1905இல் ஹில் டாப் பண்ணையை வாங்கினார், பிறகு பண்ணை மேல் பண்ணையாக வாங்கினார். 1943இல் இறந்தபோது 14 பண்ணைகளையும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்தார். வெளியே போக முடியாத ஒரு குழந்தைக்காகக் கோட் மாட்டிய முயல், பாதி மலையைப் பங்களா கட்டுபவர்களிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. மலைக்குப் பாதுகாப்புக் கொடுத்ததே கூரைக்கடியில் நடந்த வேலை என்றால், யாருக்கு முன்பக்கம், யாருக்குப் பின்பக்கம்?

ஆகவே கம்பிரியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹில் டாப் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குடையை நம்பாதீர்கள், அங்குள்ள காற்றில் அது நிற்காது. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அன்றைக்கென்று பார்த்துப் பளிச்சென்று வெயிலும் அடிக்கிறது என்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முதலில் பென்சில் மியூசியத்துக்கே போங்கள். சாயங்காலம் அதை மூடிவிடுவார்கள், மலையை மூடுவதில்லை.